இருந்த இடத்திலேயே பாதுகாத்தல்

நோரீன் கெஹோ வீட்டுக்குத் திரும்பி வருவதற்குக் குறுக்கே ஓர் ஆறு இருந்தது. அந்த ஆற்றை உயிரோடு இருக்கும் யாரும் அந்தத் தெருவில் பார்த்ததில்லை. போடில் என்று அதற்குப் பெயர். தோல் பதனிடுகிறவர்களும் சாயம் போடுகிறவர்களும் சாராயம் காய்ச்சுகிறவர்களும் போட்டி போட்டுக்கொண்டு அதில் கழிவைக் கொட்டினார்கள். நாற்றம் தாங்காமல் போனபோது டப்ளின் நகரம் அதன்மேல் கல் வளைவு கட்டி மூடியது. மூடியதன்மேல் வீடுகள் கட்டியது. அந்த வீடுகளில் ஒன்றில்தான் நோரீனும் அவள் கணவர் டோனலும் முப்பத்தைந்து வருஷமாகக் குடியிருந்தார்கள்.

ஆற்றைப் பார்க்க முடியாதே தவிர, கேட்க முடியும். நாலு நாள் விடாமல் மழை பெய்தால் சமையலறைத் தொட்டிக்கு அடியில் யாரோ நாற்காலியை இழுத்துப் போடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். "கீழ்வீட்டுக்காரன் எழுந்துட்டான்," என்பாள் நோரீன். அதற்குமேல் அவர்களுக்கும் ஆற்றுக்கும் இடையே பேச்சுவார்த்தை கிடையாது.

பிப்ரவரியில் நோரீனுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வாய் மட்டும் முன்பைவிடக் கூர்மையாகிவிட்டதாக டோனல் நினைத்தார். மார்ச் கடைசியில் மருத்துவமனையில் ஒரு பெண் அவரை உட்காரவைத்துப் பேசினாள். வீட்டில் கழிவறை மாடியில்தான் இருக்கிறது, பதின்மூன்று படி. சக்கர நாற்காலியில் இருப்பவளைப் பதின்மூன்று படி ஏறச்சொல்ல முடியாது. மே முப்பதாம் தேதிக்குள் கீழே ஒரு கழிவறை கட்டிவிட்டால் நோரீன் வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் லாங்ஃபோர்டில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் காலியாக இருக்கிறது. அங்கே போய்விட்டால், வந்தவர்கள் பெரும்பாலும் அங்கேயே இருந்துவிடுவார்கள். அந்தப் பெண் "பெரும்பாலும்" என்ற சொல்லை மிகவும் மென்மையாகச் சொன்னாள்.

டோனல் முப்பத்தொரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நிறுத்தம் என்றால் என்ன, நேரம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். மே முப்பதுக்கு இன்னும் ஒன்பது வாரம் இருந்தது. நிறைய நேரம் என்று நினைத்தார்.

"ரெண்டு நாள் வேலை பாஸ்," என்றான் வின்னி. அவன் அடுத்த தெருக்காரன், ஒரு குட்டி பொக்லைன் வைத்திருந்தான். "மாடிப்படிக்குக் கீழ கக்கூஸ். அங்கேருந்து பின்முத்தம் வழியா சந்துச் சாக்கடைக்கு ஒரு குழாய். நாலு மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் ஆழம். மழை பெஞ்சா ரெண்டரை நாள்."

மழை பெய்யாத நாளாகப் பார்த்து அவர்கள் தொடங்க நினைத்தபோதுதான் கடிதம் வந்தது.

கடிதம் எழுதியது புதைநதி மரபுக் கண்காணிப்பகம். வரைபடத்தில் அவர்கள் வரைந்திருந்த ஒரு மஞ்சள் பட்டைக்குள் கெஹோ வீட்டுப் பின்முற்றம் வருகிறது என்றும், பட்டைக்குள் எந்த நிலத்தைத் தோண்டினாலும் தகுதிபெற்ற கண்காணிப்பாளர் ஒருவர் கூட நின்று பார்க்க வேண்டும் என்றும், அதற்கு இணைப்பிலுள்ள படிவத்தை நிரப்பி அனுப்புமாறும் எழுதியிருந்தது.

படிவத்தில் முப்பத்தாறு கேள்விகள். பதினான்காவது கேள்வி இது: "இந்நிலத்தைக் கலைப்பதன் மூலம் தாங்கள் எந்த ஆய்வுக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள்?"

டோனல் நேர்மையான மனிதர். "என் மனைவி எங்கே ஒண்ணுக்குப் போவாள்?" என்று எழுதி அனுப்பினார்.

இரண்டு வாரம் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. கேள்வி சுவாரசியமானதுதான், ஆனால் காலப்பரப்பு மிகக் குறுகலாக இருக்கிறது, தயவுசெய்து விரிவாக்கவும் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்கள்.

வின்னி சமையலறை மேசையில் உட்கார்ந்து, பாலும் சர்க்கரையும் தூக்கலாகப் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே யோசித்தான். "எழுதிக்கங்க பாஸ். 'இந்த வட்டாரத்து மக்கள் காலங்காலமா எங்க ஒண்ணுக்குப் போனாங்க?'"

அனுமதி எட்டே நாளில் வந்தது. இவ்வளவு துணிச்சலான கேள்வியைச் சமீபத்தில் யாரும் எழுப்பவில்லை என்று ஒரு பாராட்டுக் குறிப்பும் கூட இருந்தது. அப்போது ஏப்ரல் முடியப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை கண்காணிப்பாளர் வந்தாள். இருபத்தேழு வயதிருக்கும். ஓர்லா டை என்று பெயர் சொன்னாள். மஞ்சள் மேலங்கி, தலைக்கவசம், தோளில் ஒரு மடக்கு நாற்காலி. வேலை முறையை விளக்கினாள்.

"நீங்க தோண்டணும். நான் பாக்கணும். நான் பாக்காதப்ப நீங்க தோண்டக் கூடாது. அவ்வளவுதான்."

"நீங்க பாத்துட்டு இருக்கறப்ப நான் தோண்டாம நின்னா?" என்று கேட்டான் வின்னி.

"அப்பவும் பாப்பேன். ஆனா அதுக்கு வேற படிவம்."

வின்னி எஞ்சினை முடுக்கினான். ஓர்லா கையைத் தூக்கினாள்.

"அந்த வாளியில பல்லு இருக்கு."

"பொக்லைன் வாளின்னா பல்லு இருக்கும்."

"பல்லில்லாத வாளிதான் போடணும். பல்லு பட்டா மண்ணோட அடுக்கு கலைஞ்சிடும். நான் என்னத்தைப் பாக்கறது?"

"எனக்கு வாயிலயே மேல்வரிசை கெடையாது. அதைக் கணக்குல எடுத்துக்க மாட்டீங்களா?"

ஓர்லாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்புக்கு விதிகளில் இடமில்லை. பல்லில்லாத வாளி புறநகர் தாலாவிலிருந்து வாடகைக்கு வந்து சேர மூன்று நாள் ஆயிற்று.

வியாழக்கிழமை உண்மையிலேயே தோண்டினார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்தவை: ஓர் உடைந்த தேநீர்க் கோப்பை, துணி காயப்போடும் கொக்கி, டோனல் தொண்ணூற்று மூன்றில் தொலைத்த ஸ்பானர். மூன்றையும் ஓர்லா தனித்தனிப் பையில் போட்டு எண் எழுதினாள். டோனல் ஸ்பானரைக் கேட்டார். அது இப்போது கண்டெடுப்பு எண் மூன்று என்றும், ஐந்து வருஷம் கழித்து விண்ணப்பித்தால் பார்வையிடலாம் என்றும் சொன்னாள்.

"சரி, என்ன பண்றது," என்றார் டோனல். பேருந்து ஓட்டிய காலத்திலிருந்தே அது அவருக்குப் பழகிய வார்த்தை. சாலை அடைத்திருந்தாலும் மழை கொட்டினாலும் பயணிகளுக்கு அதையே சொல்வார்.

பதினொரு மணிக்கு ஓர்லா நெளியத் தொடங்கினாள்.

"கழிவறை எங்க இருக்கு?"

"மாடியில. பதிமூணு படி."

"கீழ இல்லையா?"

டோனலும் வின்னியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதைக் கட்டத்தான் தோண்டறோம்மா," என்றார் டோனல்.

பிரச்சினை என்னவென்றால், பாதி திறந்த குழியிலிருந்து கண்காணிப்பாளர் கண்ணை அகற்றக் கூடாது. கழிவறைக்குப் போக வேண்டுமானால் குழியைப் பார்த்துக்கொள்ள இரண்டாவது கண்காணிப்பாளர் வேண்டும். அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள். இரண்டாவது கண்காணிப்பாளர் செவ்வாய்க்கிழமை கிடைப்பார் என்றார்கள். அதுவரை குழியைத் தார்ப்பாய் போட்டு மூடி, தார்ப்பாய்மேல் முத்திரை ஒட்டி, ஓர்லா பதின்மூன்று படியையும் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள்.

வார இறுதியில் பக்கத்து வீட்டுப் பூனை தார்ப்பாய்க்கு அடியில் புகுந்து, தன் தேவைக்கு ஒரு சிறு பள்ளம் பறித்து, மூடிவிட்டும் போயிருந்தது. செவ்வாய்க்கிழமை அதை அளந்தார்கள். கண்காணிப்பில்லாத நிலக் கலைப்பு, ஆழம் ஒன்பது சென்டிமீட்டர். பூனையின் சொந்தக்காரிக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. பூனை மட்டும்தான் அந்த வட்டாரத்திலேயே அனுமதி கேட்காமல் காரியத்தை முடித்தது என்று வின்னி அதற்கு ஒரு டப்பா மத்தி மீன் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தான்.

அடுத்த நாள் நாற்பது சென்டிமீட்டர் ஆழத்தில் பல்லில்லாத வாளி மண்ணை வழித்தபோது ஓர்லா "நிறுத்துங்க," என்றாள்.

கறுப்பு மண்ணுக்கு நடுவே ஒரு சதுரம் தெரிந்தது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். உள்ளே வேறு நிற மண், தூய மஞ்சள் களிமண். விளிம்புகள் கத்தியால் வெட்டிய மாதிரி நேராக இருந்தன.

"இது தானா வந்ததில்ல. யாரோ வெட்டியிருக்காங்க." ஓர்லாவின் குரல் தாழ்ந்துபோயிருந்தது. "தோல் ஊறவெச்ச தொட்டியா இருக்கலாம். ஆத்தங்கரைப் படித்துறையா இருக்கலாம்."

"நல்ல விஷயமா, கெட்ட விஷயமா?" என்று கேட்டார் டோனல்.

அவள் தொலைபேசியை எடுத்தாள்.

மறுநாள் டாக்டர் லாலர் வந்தார். கண்காணிப்பகத்தின் தலைவர். ஆறு பேர் கூட வந்தார்கள். அவர்களில் ஒருவர் புகைப்படம் எடுப்பவர், ஒருவர் புகைப்படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவுகோல் பிடிப்பவர், மற்றவர்கள் தலையாட்டுபவர்கள். எல்லோருக்கும் தேநீர் போட்டுப் பன்றிக்கறி ரொட்டியும் கொடுத்தார் டோனல். லாலர் குழி விளிம்பில் நின்று பேசினார்.

"மிஸ்டர் கெஹோ, நீங்க அதிர்ஷ்டசாலி. இந்தக் கண்காணிப்பகம் இதுவரை முந்நூத்திப் பன்னெண்டு எடத்துல பாத்திருக்கு. முந்நூத்திப் பன்னெண்டு எடத்துலயும் ஒண்ணும் இல்லன்னு நிரூபிச்சிருக்கோம். ஐரோப்பாவுல வேற எந்த அலுவலகமும் இவ்வளவு முழுமையா எதையும் கண்டுபிடிக்காம இருந்ததில்ல."

தலையாட்டுபவர்கள் தலையாட்டினார்கள்.

"ஜனங்க என்ன நெனைக்கறாங்க? நாங்க ஆத்தைத் தேடறோம்னு. ஆறு தொலைஞ்சு போகல. அது எங்க கோப்புல பத்திரமா இருக்கு. மண்ணுக்குள்ளதான் காணோம்."

டோனல் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், ஆறு இந்தப் பக்கம் இல்ல. எங்க சமையலறைக்குக் கீழ ஓடுது. மழை பெஞ்சா கேக்கும்."

லாலர் அன்போடு அவர் தோளைத் தொட்டார். "சமையலறை மஞ்சள் பட்டைக்கு வெளிய இருக்கு. அங்க ஆறு ஓட வாய்ப்பில்ல. நீங்க கேட்டது வாய்மொழிச் சான்று. அதுக்கும் ஒரு பிரிவு வெச்சிருக்கோம், இப்ப அங்க ஆள் இல்ல."

"அப்ப இந்தக் குழாய்..."

"எங்க கொள்கை ஒண்ணே ஒண்ணுதான். இருந்த இடத்திலேயே பாதுகாத்தல். ஒரு பொருளுக்கு அர்த்தம் எங்கேருந்து வருது? அது இருக்கற எடத்துலேருந்து வருது. சுத்தி இருக்கறதுலேருந்து வருது. எடத்தை விட்டு நகத்திட்டீங்கன்னா அது அப்புறம் வெறும் சாமான். நகத்தவே கூடாது." அவர் ரொட்டியைக் கடித்தார். "இது என்னன்னு தெரியற வரைக்கும் பொக்லைன் வேண்டாம். கரண்டியால சுரண்டுங்க."

ஓர்லா சின்னக் கொத்துக்கரண்டியால் சுரண்டத் தொடங்கினாள். ஒரு நாளைக்குப் பத்து சென்டிமீட்டர்.

டோனல் தினமும் மூன்று மணிக்கு மருத்துவமனைக்குப் போவார். நோரீன் ஜன்னலோரப் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். வலது மணிக்கட்டில் பெயரும் சேர்த்த தேதியும் அச்சடித்த வெள்ளைப் பட்டை.

"எங்க வரைக்கும் வந்திருக்கு?"

"ஒரு குழி கெடச்சிருக்கு."

"குழி தோண்டத்தானே அவனைக் கூப்பிட்ட?"

"ஆமா. ஆனா அங்க ஏற்கெனவே ஒரு குழி இருந்திருக்கு."

"அப்ப வேலை மிச்சம்."

"அது வேற குழி நோரீன். பழசு. அதைத் தோண்டிப் பாத்தாத்தான் நம்ம குழியைத் தோண்டலாமா வேண்டாமான்னு தெரியும்."

"பஸ் ஓட்டறப்ப நீ யாருக்காவது வழி சொல்லுவியே, அதே மாதிரி இருக்கு." பிறகு, "அந்தப் பொண்ணு எப்படி?"

"நல்ல பொண்ணு. மாடிப்படிதான் அவளுக்கும் கஷ்டமா இருக்கு."

"எனக்கு இருக்கற கஷ்டம் அவளுக்காவது புரியட்டும்." சரியாக இருந்த கையால் அவர் சட்டைப் பொத்தானைத் திருகினாள். "டோனல், லாங்ஃபோர்டுல எனக்கு யாரையும் தெரியாது."

"நீ எதுக்கு லாங்ஃபோர்டுக்குப் போற? இன்னும் பதினேழு நாள் இருக்கு."

அவர் சொன்னது சரிதான். பதினேழு நாள் இருந்தது. பிறகு பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் மருத்துவமனைப் பெண் மூன்று முறை தொலைபேசியில் அழைத்தாள்; ஒவ்வொரு முறையும் அவள் குரல் இன்னும் மென்மையாகியிருந்தது. டோனல் கண்காணிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மனிதக் காரணங்களுக்கான முன்னுரிமைப் படிவம் தனியாக இருப்பதாகவும், அதில் குறிப்பிடப்படும் மனிதர் எழுபது வருஷத்துக்கு முன் இறந்தவராக இருக்க வேண்டும் என்றும் பதில் வந்தது.

மே இருபதாம் தேதி காலை ஓர்லாவின் கரண்டி 'டிங்' என்றது.

குழியின் அடிமட்டத்துக்கு வந்திருந்தாள். மண்டியிட்டு, தூரிகையால் தட்டி, வெகுநேரம் குனிந்தபடியே இருந்தாள். வின்னியும் டோனலும் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன அது? தங்கமா?" என்றான் வின்னி.

அவள் உள்ளங்கையை நீட்டினாள். பித்தளை நிறத்தில் ஒரு காசு. ஒரு பக்கம் குதிரை. மறுபக்கம் யாழ், அதன் பக்கத்தில் 1986.

"இருபது பென்னி," என்றான் வின்னி. "குதிரைக் காசு. பள்ளிக்கூடம் போறப்ப இதுக்கு மிட்டாய் வாங்கியிருக்கேன். தோல் பதனிடறவங்க ரொம்பப் பின்னாடி வரைக்கும் இருந்திருக்காங்க போல."

ஓர்லா குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"இது எங்க ஆளுங்க போட்டது."

தொழில் வழக்கம் அது. ஒரு குழியைத் தோண்டிப் பார்த்து முடித்து மூடும்போது, அடியில் அந்த வருஷத்துப் புதுக் காசு ஒன்றைப் போட்டுவிடுவார்கள். பிற்காலத்தில் யாராவது தெரியாமல் அதே இடத்தைத் தோண்டினால் காசைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்: இங்கே ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது, வீணாக மெனக்கெடாதே.

"அப்படின்னா," என்றார் டோனல், வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, "நீங்க பதிமூணு நாளா தோண்டினது உங்க ஆபீஸ் தோண்டின குழியை."

"ஆமா."

"ஏற்கெனவே பாத்தாச்சு."

"ஆமா."

"அப்ப நாங்க தோண்டலாம்."

ஓர்லாவின் முகம் மலர்ந்தது. அன்றைக்குத் தன் உணவு இடைவேளையில் அலுவலகத்துக்கு ஓடினாள். 'ஏதுமில்லை' என்று பெயரெழுதிய அலமாரிகள் நிலவறையில் பதினோரு வரிசை இருந்தன. எதுவும் கிடைக்காத இடங்களின் அறிக்கைகள் என்பதால் யாரும் அவற்றைத் திறந்ததில்லை. மாலை ஐந்து மணிக்கு ஒரு தாளோடு திரும்பி வந்தாள். தட்டச்சு செய்த அரைப்பக்கம். "பின்முற்றச் சோதனைக் குழி எண் ஒன்று. கிடைத்தவை: ஏதுமில்லை. வருங்காலத்தில் இவ்விடத்தில் தோண்டுவதற்கு ஆட்சேபணை இல்லை. ஒப்பம்: எஃப். லாலர், பயிற்சிக் கண்காணிப்பாளர்."

டோனல் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக் கடைசி வரியை மூன்று முறை படித்தார். வின்னி வீட்டுக்குப் போகும்போது விசிலடித்துக்கொண்டு போனான். அடுத்த நாள் மூன்று மணிக்கு நோரீனிடம் டோனல் சொன்னார்: "அடுத்த வாரம் நீ வீட்டுல இருப்பே." மே இருபத்தொன்று. இரண்டு நாள் வேலை. மழை பெய்தால் இரண்டரை.

இருபத்திரண்டாம் தேதி லாலர் தனியாக வந்தார்.

காசை வாங்கிப் பார்த்தார். ஏணி வழியாகக் குழிக்குள் இறங்கினார். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சுவரை விரலால் தடவினார். மேலே நின்ற மூவரும் காத்திருந்தார்கள்.

"அப்ப இருபத்திரண்டு வயசு எனக்கு," என்றார் லாலர். "கண்காணிப்பகம் தொடங்கின வாரம். முதல் குழி. என்கிட்ட மட்டக்கோல் கூட இல்ல. பாருங்க, இந்தச் சுவர் எவ்வளவு நேரா இருக்கு. இப்பல்லாம் யார் இப்படி வெட்டறாங்க?"

"அழகா இருக்கு சார்," என்றார் டோனல் மரியாதைக்கு. "நீங்களே எழுதியிருக்கீங்க, ஆட்சேபணை இல்லன்னு." தாளை நீட்டினார்.

லாலர் தாளைப் படித்தார். தன் கையெழுத்தைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"மிஸ்டர் கெஹோ, இந்த அறிக்கை எந்த நிலத்தைப் பத்தி? குழி வெட்டாத நிலத்தைப் பத்தி. அந்த நிலத்துல ஒண்ணும் இல்ல. அதை நான் இன்னைக்கும் உறுதியாச் சொல்லுவேன். ஆனா இப்ப இங்க என்ன இருக்கு? என் குழி இருக்கு. இந்த நகரத்துல கண்காணிப்பு வரலாறோட முதல் சின்னம். முந்நூத்திப் பதிமூணாவது எடத்துல நாங்க முதல்முறையா ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்கோம்."

"சார், கண்டுபிடிச்சது உங்களையே," என்றான் வின்னி.

"ஒரு துறைக்கு அதைவிடப் பெரிய வளர்ச்சி கெடையாது," என்றார் லாலர்.

ஓர்லா வாயைத் திறந்தாள். "டாக்டர் லாலர், காசு போடறதே இங்க ஏற்கெனவே பாத்தாச்சுன்னு சொல்லத்தானே..."

"ஓர்லா, உன் ஒப்பந்தம் ஜூன் வரைக்கும் இல்லையா?" என்று அக்கறையோடு கேட்டார் லாலர்.

"குழாயைச் சுத்திக் கொண்டுபோறோம் சார்," என்றார் டோனல். "உங்க குழியைத் தொடவே மாட்டோம். ஓரமா, சுவர் ஓரமா."

"சின்னத்தைச் சுத்தி அஞ்சு மீட்டர் காப்பு வட்டம் விடணும்."

"முத்தமே நாலு மீட்டர்தான்."

"அதனாலதான் முத்தம் முழுக்கப் பாதுகாக்கப்படுது. உங்களுக்கு எவ்வளவு பெருமை." லாலர் ஏணியில் ஏறி வந்தார். "வேணும்னா மேல்முறையீடு செய்யலாம். மனு வந்தா நானே முன்னுரிமை கொடுத்து விசாரிப்பேன். பதினாறு வாரம்."

டோனல் "சரி, என்ன பண்றது," என்று சொல்ல வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை. பேருந்தில் அதைச் சொல்லும்போது இருக்கையில் அவர் இருந்தார், ஸ்டியரிங் சக்கரம் அவர் கையில் இருந்தது. கொஞ்சம் தாமதமானாலும் வண்டி கடைசியில் நகர்ந்தது.

அந்த எட்டு நாளில் அவர் செய்யாதது இல்லை. நகரசபை உறுப்பினரைப் பார்த்தார்; அவர் கண்காணிப்பகத்தைப் பார்க்கச் சொன்னார். மருத்துவமனைப் பெண்ணிடம் அவகாசம் கேட்டார். படுக்கைக்கு ஆள் காத்திருப்பதாக, அழாத குறையாகச் சொன்னாள். வின்னி ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் தோண்டிவிடலாம் என்றான். டோனல் ஒப்புக்கொண்டார்கூட. ஞாயிற்றுக்கிழமை காலை பின்முற்றத்தைச் சுற்றி இரும்புக் கம்பிவேலி நின்றது. அதில் 'தேசிய முக்கியத்துவம் வாய்ந்த குழி' என்று பலகை தொங்கியது. தெருக்காரர்கள் இரண்டு பேர் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முப்பதாம் தேதி காலை பத்து மணிக்கு மருத்துவமனை வாசலில் ஒரு சிறு பேருந்து நின்றது. சக்கர நாற்காலியை ஏற்றும் மேடை வைத்தது. டோனல் பழக்கதோஷத்தில் டயர்களைப் பார்த்தார். ஓட்டுநரிடம் எந்த வழி என்று கேட்டார். கின்னெகாட் தாண்டி நேர்சாலைதான் என்றான் அவன், இரண்டு மணி நேரம்.

செவிலி நோரீனின் மணிக்கட்டிலிருந்த வெள்ளைப் பட்டையைக் கத்தரித்தாள். "இது எங்களோடது. அங்க வேற போடுவாங்க." அதை எங்கே போடுவது என்று அவள் சுற்றிப் பார்த்தபோது டோனல் கையை நீட்டி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நோரீன் குளிர்கால மேலங்கி போட்டிருந்தாள். மேமாதம்தான், ஆனால் எத்தனை நாள் தங்குவது என்று யாரும் சொல்லவில்லை.

"உன் குழி எப்படி இருக்கு?" என்றாள்.

"நாளைக்கு மூடறாங்க."

"நல்லா மூடச் சொல்லு. நீ தடுமாறி விழுந்து வெச்சா உன்னையும் நகத்த விட மாட்டாங்க."

அவர் சிரிக்க முயன்றார். மேடை அவளைத் தூக்கியது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. ஓட்டுநர் ஜன்னலை இறக்கிவிட்டான்.

"கீழ்வீட்டுக்காரன்கிட்ட சொல்லிடு," என்றாள் நோரீன், "மேல்வீட்டுக்காரி காலி பண்ணிட்டான்னு."

மறுநாள் குழியை மூடினார்கள். லாலரும் ஆறு பேரும் வந்திருந்தார்கள். இந்த முறை தேநீர் யாரும் போடவில்லை. லாலர் சிறிது நேரம் பேசினார்: கண்காணிப்பின் அடுத்த கட்டம் கண்காணிப்பைக் கண்காணிப்பது என்றும், வருங்காலத் தலைமுறைக்கு நாம் விட்டுச்செல்ல வேண்டியது நாம் பார்த்தோம் என்ற செய்திதான் என்றும் சொன்னார். பழைய காசை அதே இடத்தில், குதிரை மேலே பார்க்கும்படி வைத்தார்கள்.

"இப்ப இந்த வருஷத்துக் காசு," என்றார் லாலர்.

எல்லோரும் பையைத் தடவினார்கள். யாரிடமும் காசில்லை. எல்லோரும் வங்கி அட்டையைத் தட்டிப் பழகியவர்கள். அளவுகோல் பிடிப்பவரிடம் ஒரு சட்டைப் பொத்தான் இருந்தது, அதில் வருஷம் இல்லை.

"காசுதான் வேணும்னு இல்ல," என்றாள் ஓர்லா மெதுவாக. "தேதி போட்ட எதுவும் சரிதான்."

டோனல் கம்பிவேலிக்கு வெளியே சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பைக்குள் கைவிட்டு வெள்ளைப் பட்டையை எடுத்து வேலிமேலாக நீட்டினார்.

லாலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நெகிழி. அச்சடிச்ச தேதி. பேரும் இருக்கு. பிரமாதம் மிஸ்டர் கெஹோ, இது நானூறு வருஷத்துக்கு மக்காது."

ஓர்லா ஏணியில் இறங்கிப் பட்டையைக் காசுக்குப் பக்கத்தில் வைத்தாள். சுருண்டுகொண்டது. விரலால் நீவி, இரு முனையிலும் சிறு கல் வைத்து, பெயர் தெரியும்படி விரித்தாள். பிறகு மேலே வந்து படிவத்தை எடுத்தாள். பொருள்: பட்டை. மூலப்பொருள்: நெகிழி. எழுத்துகள்: உண்டு. கடைசிக் கட்டத்தில் இரண்டு சிறு சதுரங்கள் இருந்தன. 'இடம் மாற்றப்பட்டது.' 'இருந்த இடத்திலேயே பாதுகாக்கப்பட்டது.'

பேனா நின்றது. அவள் வேலிக்கு அப்பால் டோனலைப் பார்த்தாள்.

"இதுல என்ன யோசனை?" என்றார் லாலர். "ரெண்டாவது."

அவள் இரண்டாவது சதுரத்தில் குறியிட்டாள்.

வின்னி எஞ்சினை முடுக்கினான். வாளி நிறைய மஞ்சள் களிமண் குழிக்கு மேலே வந்து நின்றது. விதி தெரிந்தவன், திரும்பிக் கேட்டான்:

"ஓர்லா, பாக்கறீங்களா?"

"பாக்கறேன்," என்றாள்.

நோரீன் கெஹோ, அனுமதி பிப்ரவரி பதினொன்று என்ற எழுத்துகள் மேலே பார்த்தபடி இருந்தன. பல்லில்லாத வாளி மெல்லச் சாய்ந்தது.